என்.சி. பெயிண்ட், வெயில், சேர்மானம்: பட்டறைகளில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாலிடெக்னிக்கில் வேதியியல் சொல்லிக்கொடுக்கிறேன். என்னிடம் படித்தவர்களில் பலர் இன்று கரூரில் பஸ் பாடி கட்டும் பட்டறைகளிலும், நாமக்கல்லில் லாரி பாடிப் பட்டறைகளிலும், கோவையில் மரச்சாமான் கடைகளிலும் வேலை பார்க்கிறார்கள். சித்திரை பிறந்துவிட்டால் அவர்களிடமிருந்து வரும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றையே சுற்றுகின்றன: நைட்ரோசெல்லுலோஸ், சுருக்கமாக என்.சி., சேர்ந்த பெயிண்ட் வெயிலைத் தாங்குமா, அதில் எதைச் சேர்த்தால் நல்லது, எதைச் சேர்த்தால் வினை? கேட்டவர் கேட்ட விதத்திலேயே கேள்விகளை எடுத்து எழுதியிருக்கிறேன்.

என்.சி. என்பது பஞ்சில் செய்வதாமே, உண்மையா சார்?

உண்மைதான். பஞ்சு என்றால் நூற்பாலைக்குப் போகும் நீள இழை அல்ல. கொட்டையிலிருந்து பஞ்சைப் பிரித்த பிறகும் விதையில் ஒட்டிக்கொண்டிருக்கும் குட்டை இழைகள் இதற்குப் போதும். மரக்கூழிலும் செய்வார்கள். இரண்டும் அடிப்படையில் செல்லுலோஸ். அது நைட்ரிக், கந்தக அமிலங்களின் கலவையோடு வினைபுரியும்போது செல்லுலோஸ் சங்கிலியில் நைட்ரேட் தொகுதிகள் வந்து ஒட்டிக்கொள்கின்றன. 1846இல் ஷோன்பைன் என்ற ஜெர்மன்–சுவிஸ் வேதியியலாளர் இதை உலகுக்கு அறிவித்தார்.

பார்வைக்குப் பஞ்சு பஞ்சாகவே இருக்கும். கரைப்பானில் கரைத்தால் தேன் பதத்துக்கு வரும். காய்ந்தால் பளபளப்பான, கெட்டியான படலமாகும். மேசை நாற்காலிக்கு அடிக்கும் லாக்கர், சாண்டிங் சீலர், என்.சி. பட்டி, அச்சு மை, நகப்பூச்சு எல்லாவற்றுக்கும் இந்தப் படலம்தான் ஆதாரம். 1920களில் அமெரிக்காவில் டியூகோ என்ற பெயரில் கார்களுக்கு அடிக்கத் தொடங்கியதும் இதுவே. அதுவரை ஒரு காருக்கு வண்ணம் அடித்துக் காயவைக்க வாரக்கணக்கில் ஆனது, என்.சி. வந்த பிறகு அது நாள் கணக்காகக் குறைந்தது. நம் ஊரில் இன்னும் வயதான பெயிண்டர்கள் எந்தக் கார் பெயிண்டையும் டியூகோ என்றே சொல்கிறார்கள்.

அப்படியென்றால் என் கடையில் வெடிமருந்தையா அடுக்கி வைத்திருக்கிறேன்?

இல்லை. ஆனால் உறவு உண்டு. எவ்வளவு நைட்ரேட் ஒட்டியிருக்கிறது என்பதை நைட்ரஜன் சதவீதத்தில் சொல்வார்கள். பெயிண்டுக்கும் மைக்கும் போகும் ரகத்தில் ஏறத்தாழ 11 முதல் 12 சதவீதம் இருக்கும். 12.6 சதவீதத்தைத் தாண்டியது வெடிபொருள் கணக்கில் வரும். துப்பாக்கி மருந்துக்குப் போவது அந்த ரகம். குன்னூரிலிருந்து ஊட்டிக்கு ஏறும்போது வரும் அருவங்காட்டில் இருக்கும் கார்டைட் தொழிற்சாலை, பெயரிலேயே அந்தக் குடும்பத்தைச் சொல்கிறது. கார்டைட் என்பது நைட்ரோசெல்லுலோஸும் நைட்ரோகிளிசரினும் சேர்ந்த மருந்து.

உங்கள் டின்னில் இருப்பது கரைப்பானில் கரைந்த, குறைந்த நைட்ரஜன் ரகம். அங்கே உடனடி ஆபத்து தின்னர்தான். அதிலிருக்கும் டொலுயீன் 4 டிகிரி செல்சியஸிலேயே தீப்பற்றும் ஆவியை விடும்; அசிட்டோன் பூஜ்யத்துக்கும் கீழே. மார்கழி விடியற்காலையிலும் நம் ஊரில் அந்தக் குளிர் கிடையாது. டின் திறந்திருந்தால் ஒரு சுவிட்ச் பொறி போதும். என்.சி.யின் தனிக்குணம் தலைகாட்டுவது அந்தக் கரைப்பான் போய், அது காய்ந்து, குவிந்து கிடக்கும் இடத்தில்.

தீயே வைக்காமல் அது எப்படித் தானாகச் சூடாகும்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள். மற்றதெல்லாம் இதை ஒட்டித்தான் வருகிறது.

நைட்ரேட் தொகுதியில் ஆக்சிஜனுக்கும் நைட்ரஜனுக்கும் இடையே உள்ள பிணைப்பு பலவீனமானது. சாதாரண அறை வெப்பத்திலும் இங்கொன்றும் அங்கொன்றுமாக அது அறுந்துகொண்டே இருக்கும். அறுந்தால் நைட்ரஜன் டை ஆக்ஸைடு என்ற பழுப்பு வாயு வெளிப்படும். பக்கத்தில் கொஞ்சம் ஈரம் இருந்தால் அது நைட்ரிக், நைட்ரஸ் அமிலங்களாகும். அந்த அமிலம் அடுத்த பிணைப்பை இன்னும் எளிதாக அறுக்கும். அதிலிருந்து மேலும் வாயு, மேலும் அமிலம். பாலில் விழுந்த உறைமோரைப்போலத் தன்னைத்தானே பெருக்கிக்கொள்ளும் வேலை இது. ஒவ்வொரு அறுப்பிலும் கொஞ்சம் வெப்பமும் வெளிவருகிறது.

ஆகவே கெடுதலைத் தொடங்கிவைக்க வெளியிலிருந்து நெருப்பு தேவையில்லை. செய்யும்போது சரியாகக் கழுவாமல் உள்ளே தங்கிவிட்ட அமிலமே போதும். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் ஐரோப்பாவில் வெடிபஞ்சு (நைட்ரேட் அதிகம் ஏறிய என்.சி.) ஆலைகள் அடுத்தடுத்து வெடித்ததற்கு இதை ஒரு முக்கியக் காரணமாகச் சொல்வார்கள். 1860களில் இங்கிலாந்தின் பிரடெரிக் ஏபெல், பஞ்சைக் கூழாக அரைத்துக் கழுவினால் இழையின் குழலுக்குள் ஒளிந்திருக்கும் அமிலமும் வெளியேறிவிடும் என்று காட்டிய பிறகே இந்தத் தொழில் நிலைகொண்டது. எந்தச் சேர்மானத்துக்கும் முந்திய வைத்தியம் நல்ல கழுவல்தான். கழுவாத சரக்கில் எதைக் கலந்தாலும் பிழைக்காது என்பது என் கருத்து.

எத்தனை டிகிரியில் பற்றும்? ஒரே எண்ணாகச் சொல்லிவிடுங்கள்.

ஒரே எண் கேட்பவர்களுக்குச் சொல்லப்படுவது 160 முதல் 190 டிகிரி வரை ஏதாவது ஒன்று. ஆய்வகத்தில் சில மில்லிகிராம் எடுத்து வேகமாகச் சூடாக்கினால் அந்த வட்டாரத்தில் பற்றும். இதைக் கேட்டுவிட்டு, ‘நம் ஊர் வெயில் 40தானே’ என்று நிம்மதியாகப் போகிறவர்கள்தான் எனக்குக் கவலை தருகிறார்கள்.

அந்த எண் மில்லிகிராமுக்கு உரியது. ஒரு சிட்டிகைப் பொடியில் உண்டாகும் வெப்பம் உடனே காற்றில் போய்விடும். ஒரு டிரம் நிறைய இருந்தால் நடுவில் உண்டாகும் வெப்பத்துக்கு வெளியேற வழியில்லை. பத்து டிகிரி ஏறினால் சிதைவின் வேகம் ஏறத்தாழ இரண்டிலிருந்து நான்கு மடங்காகும். வெளியேறும் வெப்பத்தைவிட உண்டாகும் வெப்பம் கூடிவிட்ட கணத்திலிருந்து பிறகு அது தன் போக்கில் ஏறும். எனவே பற்றும் வெப்பநிலை என்பது சரக்கின் அளவு, எத்தனை நாள் கிடந்தது, உள்ளே எவ்வளவு அமிலம், என்ன சேர்மானம் என்ற நான்கையும் பொறுத்தது. கரூர் பக்கத்து க. பரமத்தியில் நிழலில் 40 டிகிரி என்றால், காற்றோட்டமில்லாத தகரக் கூரைக்கு அடியில் அதற்கு மேல் எவ்வளவு என்பதை அங்கே நின்று வேலை செய்பவருக்கு நான் சொல்லவேண்டியதில்லை.

நிலைநிறுத்தி என்று ஒன்று சேர்ப்பார்களாமே, அது வெப்பத்தைக் குறைக்குமா?

குறைக்காது. அது செய்வது காவல் வேலை. முதல் பிணைப்பு அறுவதை எந்த நிலைநிறுத்தியாலும் தடுக்க முடியாது. அறுந்து வெளிவரும் நைட்ரஜன் டை ஆக்ஸைடையும் அமிலத்தையும் அடுத்த பிணைப்பின்மேல் பாய்வதற்குள் பிடித்துக்கொள்வதே அதன் பணி. மேலே சொன்ன பெருக்கத்தின் சங்கிலி அங்கே அறுகிறது.

மிகப் பெயர் பெற்றது டைஃபீனைல் அமீன். துப்பாக்கி மருந்தில் வழக்கமாகச் சுமார் 1 சதவீதம் சேர்ப்பார்கள். வாயுவைப் பிடிக்கப் பிடிக்க அது முதலில் நைட்ரோசோ சேர்மமாகவும், பிறகு ஒன்றிரண்டு நைட்ரோ தொகுதிகள் ஏறிய சேர்மங்களாகவும் மாறிக்கொண்டே போகும். அந்தப் பிள்ளைச் சேர்மங்களும் ஓரளவு காவல் காக்கும் என்பது இதன் சிறப்பு. ஆனால் ஒவ்வொரு பிடிப்பிலும் கையிருப்பு கரைகிறது. கிடங்கு சூடானால் வேகமாகக் கரைகிறது. அமெரிக்க ராணுவக் கிடங்குகளில் மருந்தை அவ்வப்போது எடுத்துச் சோதித்து, நிலைநிறுத்தி 0.2 சதவீதத்துக்குக் கீழே இறங்கிவிட்டால் அந்தச் சரக்கை அழித்துவிடுவது வழக்கம். சென்ட்ராலைட், அகார்டைட் என்ற யூரியா வகைச் சேர்மங்களும் இதே வேலைக்கு உண்டு.

வாஸ்லினுக்கும் இந்த வரிசையில் இடமுண்டு. 1889இல் கார்டைட்டை உருவாக்கியபோது பீரங்கிக் குழலின் தேய்மானம் குறையட்டும் என்றுதான் 5 சதவீதம் வாஸ்லின் சேர்த்தார்கள். அதிலிருந்த நிறைவுறாச் சேர்மங்கள் சிதைவு வாயுவைப் பிடித்துக்கொள்வதும், மருந்து கிடங்கில் நீண்ட நாள் தாங்குவதும் பிறகுதான் தெரிந்தது.

ஒரு சதவீதத்துக்கே அவ்வளவு பலன் என்றால் ஐந்து சதவீதம் போட்டால் என்ன?

கெடும். அமீன்கள் பொதுவாகக் காரத்தன்மையுள்ளவை. டைஃபீனைல் அமீன் பெயருக்கு அமீன்தானே தவிர, காரத்தன்மை மிகக் குறைவு. அதனால்தான் அது தேர்வானது. அதையும் அளவுக்கு மேல் போட்டால் காவல்காரனே நைட்ரேட் தொகுதியோடு வினைபுரியத் தொடங்குவான். நைட்ரோகிளிசரினும் சேர்ந்த மருந்துகளில் அந்த மெல்லிய காரத்தன்மையே அதிகம் என்று கருதி, சென்ட்ராலைட்டையோ 2-நைட்ரோ டைஃபீனைல் அமீனையோ பயன்படுத்துகிறார்கள்.

அமிலம் எதிரி, அதனால் காரம் நண்பன் என்று நம் ஆட்கள் எளிதாக முடிவுகட்டிவிடுகிறார்கள். காஸ்டிக் சோடா போன்ற வலுவான காரம் நைட்ரோசெல்லுலோஸை நேரடியாகவே உடைக்கும். சுண்ணக்கல் பொடி, அதாவது கால்சியம் கார்பனேட், பழைய காலத்திலிருந்தே சிறிதளவு சேர்க்கப்பட்டு வந்ததற்குக் காரணம், அது நீரில் அநேகமாகக் கரையாமல் கிடந்து, அமிலம் வந்தால் மட்டும் வேலை செய்யும் என்பதே. சுவருக்கு அடிக்கும் நீற்றுச் சுண்ணாம்பு அப்படியல்ல. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

நாங்கள் வாங்கும் லாக்கரிலும் அந்த அமீன் இருக்கிறதா?

பொதுவாக இருக்காது. மேலே சொன்ன நைட்ரோ சேர்மங்கள் எல்லாம் நிறமுள்ளவை. மஞ்சள், பச்சை, பழுப்பு என்று மாறும். தேக்கு மேசைக்கு அடித்த தெளிவான லாக்கர் அப்படி நிறம் மாறினால் வாடிக்கையாளர் சும்மா விடமாட்டார். பெயிண்டில் பாதுகாப்பு வேறு விதமாக வருகிறது: குறைந்த நைட்ரஜன் ரகம், நல்ல கழுவல், கூடவே கலக்கும் ரெசின், குழைமம் (படலம் வளைந்துகொடுக்கச் சேர்ப்பது), கரைப்பான். சில தயாரிப்புகளில் எபாக்ஸி ஏற்றிய சோயா எண்ணெய் சேர்ப்பார்கள்; அது குழைமமாகவும் இருக்கும், அமிலத்தையும் பிடித்துக்கொள்ளும்.

வெயில்படும் இடத்தில் என்.சி. லாக்கர் மஞ்சளாவது பெரும்பாலும் புற ஊதாக் கதிரால் வருவது. அதற்கான சேர்மானம் வேறு. மஞ்சளாகிவிட்டது என்பதால் மேசை தீப்பிடிக்கும் என்று அஞ்ச வேண்டாம். அவ்வளவு மெல்லிய படலத்தில் வெப்பம் தங்குவதற்கு இடமே இல்லை.

கற்பூரம் போடுவார்கள், விளக்கெண்ணெய் போடுவார்கள் என்கிறார்களே. அதெல்லாம் பற்றிக்கொள்ளும் பொருளாயிற்றே?

நல்ல கேள்வி. இரண்டும் குழைமம், படலம் வெடித்துப்போகாமல் இருக்கச் சேர்ப்பது. கற்பூரமும் நைட்ரோசெல்லுலோஸும் சேர்ந்ததே செல்லுலாய்டு. 1870இல் அமெரிக்காவின் ஹயாட் சகோதரர்கள் காப்புரிமை பெற்றார்கள். சீப்பு, பொம்மை, மேசைப்பந்து, பிலிம் எல்லாம் அதிலிருந்து வந்தன. விளக்கெண்ணெய் காயாத எண்ணெய் என்பதால் என்.சி. பூச்சுகளில் நெடுங்காலமாக இருக்கிறது. நம் பக்கத்து வயல் வரப்பில் விளையும் ஆமணக்குக்கு இப்படியும் ஒரு வேலை.

இவை நைட்ரேட் பிணைப்பு அறுவதை நிறுத்துவதில்லை. ஆனால் ஒரு கிலோவில் நைட்ரோசெல்லுலோஸின் பங்கைக் குறைக்கின்றன. ஆகவே ஒரு கிலோவில் உண்டாகும் வெப்பமும் குறைகிறது. பஞ்சு இழையாக இருந்ததைக் கெட்டிப் பொருளாக மாற்றுவதால் எரியும் வேகமும் தணிகிறது. தீப்பற்றும் பொருளைச் சேர்த்து வேகத்தைக் குறைப்பது முரணாகத் தோன்றும். நைட்ரோசெல்லுலோஸ் தன் ஆக்சிஜனைத் தானே சுமந்து வருவது; விளக்கெண்ணெயிடம் அப்படி உபரி ஆக்சிஜன் இல்லை என்பதை நினைத்தால் முரண் தீர்ந்துவிடும்.

குறை ஒன்று உண்டு. கற்பூரம் ஆவியாகிப் போகும். பழைய செல்லுலாய்டு சீப்பு வறண்டு விரிசல் விடுவது அதனால்தான். குழைமம் போன பிறகு மிஞ்சுவது செறிவான நைட்ரோசெல்லுலோஸ்.

ஆல்கஹாலில் நனைத்துத்தான் டிரம்மில் வருகிறது. அதுவும் நிலைநிறுத்திதானே?

பலர் இப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். தொழிற்சாலைகளுக்கு வரும் என்.சி. குறைந்தது 25 சதவீதம் தண்ணீரிலோ ஆல்கஹாலிலோ நனைந்திருக்க வேண்டும் என்பது சர்வதேசப் போக்குவரத்து விதி. அந்த ஈரம் உராய்விலிருந்தும் நிலைமின் பொறியிலிருந்தும் காக்கிறது. உண்டாகும் வெப்பத்தையும் உறிஞ்சிக்கொள்கிறது. வாயுவைப் பிடிக்கும் வேலையை அது செய்வதில்லை. மூடி சரியில்லாமல் ஈரம் போய்விட்டால் அன்றோடு அந்தக் காவல் முடிந்தது.

2015 ஆகஸ்ட் 12 அன்று சீனாவின் தியான்ஜின் துறைமுகத்தில் நடந்தது இதுவே. ஒரு கன்டெய்னருக்குள் இருந்த நைட்ரோசெல்லுலோஸின் ஈரம் காய்ந்து, கோடை வெப்பத்தில் சிதைவு வேகமெடுத்துத் தானே பற்றிக்கொண்டது என்று அரசு விசாரணை முடிவு சொன்னது. தீ பக்கத்திலிருந்த அமோனியம் நைட்ரேட்டுக்குப் பரவி வெடித்தது. 165 பேர் இறந்தார்கள், 8 பேர் கிடைக்கவேயில்லை.

நம் பகுதியில் இன்னொரு கணக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் ஆடிக்காற்றில் வெயில் தெரியாது, உடம்பும் கசகசக்காது. ஆனால் பாதி திறந்த டிரம்மின் மேல்பரப்பு சித்திரையைவிட வேகமாகக் காயலாம். டிரம்மின் வாய் ஓரத்தில் வெள்ளையாக ஒட்டிக் காய்ந்திருப்பதை இரும்புக் கரண்டியால் சுரண்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்கும்.

எதைச் சேர்த்தால் கெடும் என்று சொல்லுங்கள். அதுதான் எங்களுக்கு வேண்டும்.

அமிலம் முதலிடம், காரணம் சொல்லியாயிற்று. தகட்டைத் துரு நீக்க அமிலம் போட்டுக் கழுவிய பிறகு நன்றாக அலசிக் காயவைக்காமல் என்.சி. பிரைமர் அடிப்பது, பூச்சையும் கெடுக்கும், சுரண்டி எடுக்கும் கழிவையும் கெடுக்கும். வலுவான காரமும் அமீன்களும் அடுத்து. பெராக்சைடு, குளோரேட் போன்ற ஆக்சிஜனேற்றிகளை நெருங்கவே விடக்கூடாது. துருப்பிடித்த டின்னில் மிச்ச லாக்கரை ஊற்றி வைக்கும் பழக்கமும் வேண்டாம். இரும்புச் சேர்மங்கள் நிறத்தைக் கெடுப்பதோடு சிதைவுக்கும் துணைபோகும். காய்ந்த ஓரத்தில் துரு உராய்வது தனி ஆபத்து.

தங்கப்பொடியின் கதை கொஞ்சம் வேடிக்கையானது. பஸ்ஸின் பக்கவாட்டில் தங்கக் கோடு இழுக்கவும் சப்பரத்துக்கும் வாங்கும் வெண்கலப் பொடியை என்.சி. லாக்கரில் கலந்து மூடி வைத்தால் சில நாளில் பச்சை பாரித்துக் கூழாகிவிடும். லாக்கரில் இருக்கும் இம்மியளவு அமிலம் செம்பைத் தின்று, வரும் செம்பு உப்பு சங்கிலிகளைப் பிணைத்துவிடுகிறது. அனுபவமுள்ள பெயிண்டர் அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் கலப்பார். அவர் காரணம் சொல்லமாட்டார்; ஆனால் செய்வது சரி.

எபாக்சி பட்டியின் ஹார்டனரை என்.சி. பட்டியில் கொஞ்சம் விட்டால் சீக்கிரம் இறுகும் என்று ஒரு மேஸ்திரி சொன்னார். செய்யலாமா?

கூடாது. எபாக்சி ஹார்டனர் அமீன். டைஃபீனைல் அமீனைப்போல மெலிந்த அமீன் அல்ல, நல்ல காரத்தன்மையுள்ளது. நைட்ரேட் தொகுதியைத் தாக்கி வெப்பத்தை உண்டாக்கும். இறுகுவதுபோல் தெரிவது உண்மையில் சிதைவின் தொடக்கமாக இருக்கலாம். தகட்டின்மேல் மெல்லிதாக இழுத்தால் வெப்பம் போய்விடும். மிச்சத்தை டப்பாவில் போட்டு மூடி வைத்தால் போகாது.

பாலியெஸ்டர் பட்டியோடு வரும் சிவப்புக் குழாய்ப் பசையும் இதற்கு ஆகாது. அது பெரும்பாலும் பென்சாயில் பெராக்சைடு. ஒவ்வொரு ஹார்டனரும் அதனதன் பட்டிக்கு மட்டும். என்.சி. பட்டிக்கு ஹார்டனரே கிடையாது. கரைப்பான் போனால் அது இறுகும். அவசரமென்றால் மெல்லிதாக இழுங்கள்.

ஸ்பிரே பூத்தில் ஒரே இடத்தில் எனாமலும் அடிக்கிறோம், என்.சி.யும் அடிக்கிறோம். இத்தனை வருடமாக ஒன்றும் ஆகவில்லையே?

எனாமல் காற்றிலிருந்து ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு காய்கிறது. காயும்போது வெப்பம் வெளிவரும். ஆளிவிதை எண்ணெயும் அப்படியே. அந்தத் தூசியும் காய்ந்த என்.சி. தூசியும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து கனமானால், ஒன்று அடுப்பு, மற்றது விறகு. அடுக்கு மெல்லிதாக இருக்கும்வரை ஒன்றும் ஆகாது. எந்த நாளில் அது போதுமான கனத்தை எட்டும் என்பதை யாராலும் சொல்ல முடியாது என்பதால்தான், இரண்டு வகையை ஒரே பூத்தில் அடிப்பதானால் இடையே சுத்தமாகக் கழுவி எடு என்று பாதுகாப்பு விதிகள் சொல்கின்றன.

சுரண்டிய தூசியைப் பொறி எழுப்பாத பித்தளை அல்லது மரக் கருவியால் எடுத்து, தண்ணீர் நிரப்பிய மூடி போட்ட உலோக வாளியில் போடுங்கள். துடைக்கும் பனியன் வேஸ்ட்டுக்கும் அதே வாளிதான். திருப்பூரிலிருந்து மூட்டை மூட்டையாக வரும் அந்தப் பஞ்சுத் துணி எண்ணெயை உறிஞ்சிக் காற்றையும் உள்ளே வைத்துக்கொள்ளும். எனாமலும் தின்னரும் என்.சி.யும் துடைத்த துணியை மூலையில் குவித்துவிட்டுச் சனிக்கிழமை பூட்டிக்கொண்டு போவதைவிடத் தவறான ஏற்பாடு வேறில்லை.

சோதனையில் தேறிய சரக்கு என்று சான்றிதழ் வருகிறது. அது போதாதா?

என்ன சோதனை, எப்போது செய்தது என்பதைப் பொறுத்தது. ஏபெலின் வெப்பச் சோதனை மிகப் பழையது: சூடாக்கும்போது வரும் வாயு, அயோடைடு–மாவுத் தாளை எவ்வளவு நேரத்தில் நிறம் மாற்றுகிறது என்று பார்ப்பார்கள். மிகச் சிறு அளவு வாயுவையும் காட்டும். அதனாலேயே அதை ஏமாற்றுவதும் எளிது. சிறிதளவு பாதரசக் குளோரைடு சேர்த்தால் தாள் நிறம் மாறாது. சரக்கு மட்டும் பழையபடியே இருக்கும். பெர்க்மன்–யுங்க் சோதனையில் 132 டிகிரியில் இரண்டு மணி நேரம் சூடாக்கி, வெளிவந்த நைட்ரஜன் ஆக்ஸைடுகளை அளப்பார்கள். இன்று நுண்ணிய வெப்ப அளவிகளைக் கொண்டு, மருந்து கிடங்கில் கிடப்பதற்கு நெருக்கமான வெப்பநிலையிலேயே வெளிவரும் வெப்பத்தை நாள்கணக்கில் அளக்கிறார்கள். இதில் எனக்கு அதிக நம்பிக்கை.

இப்படிக் கெடுதலை மறைத்துக் காட்டும் முகமூடிச் சேர்மானத்துக்கு உலகம் கொடுத்த விலை பெரிது. பிரான்சின் கடற்படை மருந்தில் நிலைநிறுத்தியாக ஏமைல் ஆல்கஹாலைச் சேர்த்து வந்தார்கள். அது ஆவியாகிப் போகக்கூடியது. கப்பலின் சூடான மருந்தறையில் கேட்கவே வேண்டாம். தூலோன் துறைமுகத்தில் 1907 மார்ச்சில் ஈயேனா என்ற போர்க்கப்பலும், 1911 செப்டம்பரில் லிபெர்தே என்ற போர்க்கப்பலும் வெடித்து நூற்றுக்கணக்கானோர் மாண்டார்கள். கெட்டுப்போன மருந்தின் மீதே பழி விழுந்தது. அதன் பிறகுதான் பிரான்ஸ் டைஃபீனைல் அமீனுக்கு மாறியது. அதன் அருமை மற்ற நாடுகளுக்கு முன்பே தெரிந்திருந்தது.

தாத்தா காலத்து சினிமா பிலிம் சுருள் பரணில் இருக்கிறது. அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

நேரடியாக உண்டு. 1950களின் தொடக்கம்வரை 35 மில்லிமீட்டர் படச்சுருள் பெரும்பாலும் நைட்ரோசெல்லுலோஸும் கற்பூரமும்தான். சாமிக்கண்ணு வின்சென்ட் கோவையில் 1914இல் வெரைட்டி ஹாலைக் கட்டிய காலத்திலும், டி.ஆர். சுந்தரம் சேலத்தில் 1935இல் மாடர்ன் தியேட்டர்ஸைத் தொடங்கிய காலத்திலும் ஓடியவை அந்த வகைச் சுருள்கள். அந்தத் தலைமுறையின் தமிழ்ப் படங்களில் பெரும்பாலானவை இன்று இல்லாததற்கு அலட்சியம் பாதி, வேதியியல் பாதி. புனேயில் இருந்த தேசியத் திரைப்படக் காப்பகத்தின் நைட்ரேட் சுருள்கள் 2003 ஜனவரியில் எரிந்துபோயின.

முதலில் படம் மங்கி, சுருள் பழுப்பாகும், பிறகு ஒட்டும், நுரைக்கும், கடைசியில் பழுப்புப் பொடியாகும். மூக்கைத் துளைக்கும் காட்டமான வாடை வரும். காடி வாடை என்றால் அது பிற்காலத்து அசிட்டேட் பிலிம், அவ்வளவு ஆபத்தில்லை. கெட்டுப்போன நைட்ரேட் சுருளை 41 டிகிரியில் பல நாள் வைத்தபோது தானே பற்றியதாகப் பதிவு உண்டு. பரணில் ஓட்டுக்கு அடியில் நம் ஊர்ப் பங்குனி, சித்திரை அதைத் தாண்டும். திறந்து பார்க்காதீர்கள், திரையிட முயலாதீர்கள், குப்பையில் எரிக்காதீர்கள். இறுக்கி மூடாமல், வீட்டுக்கு வெளியே குளிர்ந்த நிழலில், மற்றப் பொருளிலிருந்து விலக்கி வைத்துவிட்டுத் தீயணைப்பு நிலையத்துக்கோ திரைப்படக் காப்பகத்துக்கோ சொல்லுங்கள்.

தீ அணைக்கும் பொடியைக் கலந்துவிட்டால் பற்றவே பற்றாது அல்லவா?

மரத்துக்கும் துணிக்கும் பலனளிக்கும் பொடிகள் பல, காற்றின் ஆக்சிஜனைத் தடுத்தோ சுடரின் சங்கிலியை அறுத்தோ வேலை செய்பவை. விளக்கெண்ணெய்க் கேள்வியில் சொன்னதுபோல இதற்கு ஆக்சிஜன் உள்ளேயே இருக்கிறது. மணல் போட்டு மூடினாலும், கார்பன் டை ஆக்ஸைடு அடித்தாலும் அடியில் சிதைவு தொடரும். குவியல் பற்றினால் எட்ட நின்று ஏராளமாகத் தண்ணீர் அடித்துக் குளிரவைப்பதுதான் வழி. கரைப்பான் தீக்கு நுரை.

புகையைப் பற்றி யாரும் கேட்பதில்லை, நானே சொல்கிறேன். அதில் நைட்ரஜன் ஆக்ஸைடுகள் இருக்கும். 1929இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்து மருத்துவமனையில் எக்ஸ்ரே பிலிம் எரிந்து 123 பேர் இறந்தார்கள். பெரும்பாலோரைக் கொன்றது தீயல்ல, வாயு. அதைச் சுவாசித்தவர் அப்போது நன்றாகவே இருப்பார். பல மணி நேரம் கழித்து நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். பழுப்புப் புகையை முகர்ந்தவரை ‘ஒன்றுமில்லை, வீட்டுக்குப் போ’ என்று அனுப்பாமல் மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள்.

மகள் வைத்திருக்கும் நகப்பூச்சிலும் இதுதானா?

ஆம், அதே என்.சி.தான். ஒரு குப்பியில் இருக்கும் அளவுக்கு இந்தப் பக்கத்தில் சொன்ன எதுவும் பொருந்தாது. அடுப்புக்கு எதிரே உட்கார்ந்து பூசாமல் இருந்தால் போதும்.

நாலைந்து வருடமான லாக்கர் டின் இருக்கிறது. புதுத் தின்னரும் கொஞ்சம் நிலைநிறுத்தியும் ஊற்றினால் மீண்டும் பயன்படுத்தலாமா?

தின்னர் ஆவியாகிக் கெட்டியானது மட்டும் என்றால், நிறமும் வாடையும் மாறாமல் இருந்தால், தின்னர் விட்டுக் கலக்கிப் பார்க்கலாம். மூடி உப்பியிருக்கிறது, உட்பக்கத் தகரம் அரித்திருக்கிறது, காட்டமான வாடை வருகிறது, பழுப்போ பச்சையோ பாரித்திருக்கிறது என்றால் அமிலம் வேலையைத் தொடங்கிவிட்டது. அந்த நிலையில் ஊற்றும் நிலைநிறுத்தி, சேர்ந்துபோன அமிலத்தோடேயே தீர்ந்துவிடும். அறுந்த சங்கிலி ஒட்டாது. தவிர, கடையில் கிடைக்கும் எந்த அமீனையாவது நிலைநிறுத்தி என்று ஊற்றினால் என்ன ஆகும் என்பதை எபாக்சி கேள்வியில் பார்த்தோம்.

இப்படிச் சந்தேகம் வந்த டின்னின் மூடியை மறுபடி திருகிப் பார்க்காதீர்கள். திருகில் காய்ந்த என்.சி. இருந்தால் உராய்வே போதும். அப்படியே நிழலுக்கு மாற்றி, தயாரித்த நிறுவனத்தின் விற்பனையாளரைக் கேளுங்கள். அபாயக் கழிவு எடுக்க உரிமம் உள்ளவர்கள் இருக்கிறார்கள். நொய்யலிலோ அமராவதியிலோ கவிழ்ப்பது கழிப்பதாகாது. பழைய இரும்புக் கடைக்குப் போடுவதும் ஆகாது. அங்கே டின்னை முதலில் சந்திப்பது வெட்டும் இயந்திரம்.